காசோலை வழக்கு: தொகையும் தேதியும் தவறினால் எந்தத் தீர்ப்பும் கைகொடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசோலை வழக்குகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 25 அன்று வழங்கிய தீர்ப்பை விளக்கி உங்கள் நாளிதழில் வந்த சட்டக் கட்டுரையைப் படித்தேன். கையெழுத்தை ஒப்புக்கொண்டால் செக் கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று அனுமானிக்க வேண்டும் என்ற தீர்ப்பின் சாரம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதைப் படித்து முடித்த ஒரு நூல் வியாபாரியோ மளிகைக் கடைக்காரரோ, ‘கையெழுத்துப் போட்ட செக் கையில் இருந்தால் போதும், பணம் வந்த மாதிரிதான்’ என்று நினைத்திருப்பார். அதற்கு ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 19 அன்று, அதே உச்ச நீதிமன்றம் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் சொன்னதைக் கட்டுரை தொடவே இல்லை. இரண்டு அமர்வுகளிலும் நீதிபதி என்.வி. அஞ்சாரியா இருந்தார். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் படித்தால் வாசகருக்கு நஷ்டம்தான் மிஞ்சும்.

காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் திரும்பி வந்த காசோலை 1 கோடி ரூபாய்க்கானது. செக் திரும்பியபின் பணம் கேட்டு அனுப்பிய நோட்டீஸில் காசோலை எண் சரி, தேதி சரி. பணம் கேட்ட இடத்தில் மட்டும் 2 கோடி என்று இருந்தது. அடுத்து அனுப்பிய நோட்டீஸிலும் அதே 2 கோடி. தட்டச்சுப் பிழை என்று புகார்தாரர் வாதாடினார். டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செக் திரும்புவதைக் குற்றமாக்கும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, காசோலையில் உள்ள ‘அந்தத் தொகையை’ கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. சிறைத் தண்டனை வரை போகும் பிரிவு என்பதால் அதைக் கறாராகத்தான் படிக்க வேண்டும், கைத்தவறு என்ற சமாதானம் எடுபடாது என்பது அமர்வின் முடிவு. கடன் உண்மையா, கையெழுத்து உண்மையா என்ற கேள்விக்கே அந்த வழக்கு போகவில்லை. ஓர் எண் மாறியதில் 1 கோடி ரூபாய்க்கான குற்ற வழக்கு முடிந்துபோனது.

காசோலை வழக்கில் தோற்கிறவர்களில் பலர் சாட்சிக் கூண்டில் தோற்பதில்லை. செக் திரும்பிய நாளிலிருந்து புகார் தாக்கலாகும் நாள் வரையிலான இரண்டு, இரண்டரை மாதத்தில் தோற்கிறார்கள். தீர்ப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டரை மாதத்தைப் பற்றி எழுதுவதில்லை என்பதே என் வருத்தம். அதனால் இக்கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் தொகை. நோட்டீஸில் காசோலைத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் தனி வாக்கியமாக எழுதி, அதை 15 நாளுக்குள் செலுத்தும்படி கேட்க வேண்டும். வட்டி, வக்கீல் கட்டணம், வங்கி பிடித்த ரிட்டர்ன் சார்ஜ் ஆகியவற்றையும் கேட்கலாம், தவறில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும். ‘வட்டி உட்பட மொத்தம் 5,80,000 ரூபாய் செலுத்தவும்’ என்று ஒரே உருண்டையாகக் கேட்டால், அதில் காசோலைத் தொகை எது என்று நோட்டீஸைப் படிக்கிறவருக்குத் தெரியாது. அது செல்லாத நோட்டீஸ். 2000-ஆம் ஆண்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி வருகிறது. ஒரே நபர் கொடுத்த மூன்று செக் திரும்பியிருந்தால் மூன்றின் எண், தேதி, வங்கி, தொகை எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, பிறகு கூட்டுத்தொகையைச் சொல்ல வேண்டும். பழைய நோட்டீஸைக் கணினியில் திறந்து பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றி அச்செடுக்கும் பழக்கத்தால் வருகிற ஆபத்து இது. கையெழுத்துப் போடுமுன் வக்கீலும் கட்சிக்காரரும் காசோலையையும், அது திரும்பியதற்கு வங்கி தரும் சீட்டான ரிட்டர்ன் மெமோவையும் மேசையில் வைத்து நோட்டீஸோடு ஒரு முறை ஒப்பிட்டால் போதும், ஐந்து நிமிட வேலை.

இதைவிடச் சிக்கலானது, செக் வாங்கிய பிறகு இடையில் கொஞ்சம் பணம் வந்திருப்பது. 2022 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்த குஜராத் வழக்கில் காசோலை 20 லட்சத்துக்கு இருந்தது. செக் வங்கிக்குப் போவதற்கு முன்பே 4 லட்சத்துக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் முழு 20 லட்சத்துக்கே செக்கைப் போட்டு, 20 லட்சம் கேட்டே நோட்டீஸும் போனது. செக் வங்கிக்குப் போகிற நாளில் சட்டப்படி நிலுவையில் இருந்த கடன் 20 லட்சம் இல்லை என்பதால் 138-ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பானது. பகுதித் தொகை வந்திருந்தால் அதை அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி காசோலையிலேயே குறித்து, மீதிக்கு மட்டும் வசூலுக்குப் போட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

சொல்வது எளிது. இன்றைய வங்கி நடைமுறையில் காசோலையின் படம்தான் பயணிக்கிறது. செக்கில் தேதியைத் தவிர எதையும் திருத்தக்கூடாது என்பது வங்கிகளின் காசோலைத் தீர்வு (கிளியரிங்) முறையின் விதி. மீதித் தொகை குறித்த செக்கை கவுண்டரில் நீட்டினால் வாங்கத் தயங்குகிறார்கள். ஆகவே நடைமுறையில் ஒரே வழிதான் பாதுகாப்பானது: பகுதித் தொகை வந்ததும் பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து, மீதிக்குப் புதிய செக் வாங்கிக்கொள்வது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பழையதையே வைத்திருப்பவர் தன் கடனைத் தானே குற்ற வழக்குக்கு வெளியே தள்ளுகிறார். இதே தீர்ப்பு கடன் வாங்கியவருக்கு எப்படி உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது நாள் கணக்கு. காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது வங்கிக்குப் போயிருக்க வேண்டும். 2012 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு இது. சட்டப் புத்தகத்தில் ‘ஆறு மாதம் அல்லது செல்லுபடியாகும் காலம், எது முந்தியதோ’ என்று இருப்பதைப் பார்த்து ஆறு மாதம் என்று எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் தபாலில் ஏறிவிட வேண்டும். மெமோவில் உள்ள தேதியா, அது கைக்கு வந்த தேதியா, அலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்த தேதியா என்ற தகராறுக்கு இடம் கொடுக்காமல், அவற்றில் முந்தியதை வைத்து எண்ணுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் நாள் முழுவதும் தொடர்ச்சியாகத் தீர்வாகின்றன. காலையில் போட்ட செக் திரும்பிய செய்தி அன்றே வந்துவிடும். வங்கிக்குப் போய் மெமோ வாங்குவதற்கு ஒரு வாரம் கழித்தால் அந்த ஒரு வாரமும் உங்கள் 30 நாளிலிருந்து கழிந்ததாகவே கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஜனவரி 5 அன்று தகவல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் பிப்ரவரி 4. நீங்கள் ஜனவரி 20 அன்று அனுப்பி, எதிர்த்தரப்புக்கு 23 அன்று கிடைத்தது. அதையும் விட்டு எண்ணினால் பணம் கட்ட அவருக்கு உள்ள 15 நாள் பிப்ரவரி 7 அன்று முடிகிறது. வழக்குக்கான காரணம், அதாவது புகார் செய்யும் உரிமை, பிப்ரவரி 8 அன்று பிறக்கிறது. அந்த நாளையும் கழித்து ஒரு மாதம், அதாவது மார்ச் 8 வரை, புகார் தாக்கல் செய்யலாம். இங்கே ‘ஒரு மாதம்’ என்பது நாட்காட்டி மாதம், 30 நாள் அல்ல. கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையானால் அடுத்த வேலை நாள். கடைசி நாள்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தாமதம் எல்லோருக்கும் தெரிந்த தவறு. முந்திக்கொள்வதும் தவறு என்பது பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன கணக்கில் பிப்ரவரி 6 அன்றே புகாரைத் தாக்கல் செய்தால் அது புகாரே அல்ல என்று 2014-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது. விசாரணைக்கு எடுப்பதற்குள் 15 நாள் கடந்துவிட்டது என்பது உதவாது. புதிதாகத்தான் புகார் தாக்கல் செய்ய வேண்டும்; அதற்குள் ஒரு மாத எல்லை கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வேண்டும்.

புகார் தாக்கலில் வரும் தாமதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸின் 30 நாளுக்கு அப்படி மன்னிப்பு இல்லை. அதற்கு ஒரே மாற்று, காசோலையின் மூன்று மாதம் முடியவில்லை என்றால் அதை மறுபடி வங்கியில் போடுவதுதான். மறுபடி திரும்பினால் புது மெமோ, புது 30 நாள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், தன் 1998 தீர்ப்பை மாற்றி இதற்கு வழிவிட்டது. நோட்டீஸ் காலம் தவறிவிட்டது என்று பதறி வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘செக் தேதி என்ன?’ என்பதே.

நோட்டீஸ் யாருக்கு என்பதில் வரும் பிழை திருத்த முடியாதது. காசோலை நிறுவனத்துடையதாக இருந்தால் நோட்டீஸும் நிறுவனத்துக்குப் போக வேண்டும். புகாரில் முதல் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) நிறுவனம் நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்ட இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது என்பது 2012 முதல் உறுதியான சட்டம். நோட்டீஸ் காலம் போன பிறகு நிறுவனத்தைச் சேர்க்கவும் முடியாது. இயக்குநர் தன் சொந்தக் கடனுக்குக் கம்பெனி செக்கைக் கிழித்துக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் நிறைய உண்டு. 2024 டிசம்பரில் அப்படியொரு வழக்கில், காசோலை கம்பெனிக் கணக்கின் மீது எழுதப்பட்டது, கடன் இயக்குநருடையது, ஆகவே 138-ஆம் பிரிவின் கீழ் அந்த இயக்குநரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தனி ஆளுக்குக் கடன் கொடுத்தால் அவருடைய சொந்தக் கணக்கின் செக்கையே கேட்டு வாங்குங்கள்.

கூட்டு வணிக நிறுவனங்கள் விஷயத்தில் மட்டும் புகார்தாரருக்குச் சற்றுத் தளர்வு கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஜூலை 14 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, கூட்டு நிறுவனம் என்பது பங்குதாரர்களிலிருந்து வேறான ஆள் இல்லை, பங்குதாரர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ் நிறுவனத்துக்கும் அனுப்பியதாகவே கொள்ளலாம் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கை மீட்டுக் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் இதை நம்பிச் சோம்பியிருக்க வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் ஒன்று, ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒன்று என்று அனுப்ப ஆகும் தபால் செலவு அற்பம்.

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் கேட்கிறது. எந்தத் தபால் என்று சொல்லவில்லை. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்ட பிறகு ‘இனி எப்படி அனுப்புவது’ என்ற குழப்பம் தேவையில்லை. விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் பத்திரப்படுத்தினால் போதும். பட்டுவாடா விவரத்தை இணையத்தில் பார்த்த அன்றே அச்செடுத்துவிட வேண்டும். வருடம் கழித்துச் சாட்சி சொல்லும்போது தேடினால் கிடைக்காமல் போகலாம். அந்த அச்சுப்பிரதிக்கும் வாட்ஸ்அப் உரையாடலுக்கும் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்று இணைக்க வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’, ‘வாங்க மறுத்தார்’ என்று தபால் திரும்பினால் கலங்க வேண்டியதில்லை. முகவரி சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். நோட்டீஸே வரவில்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டியிருக்கலாமே என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கேட்டுவிட்டது. முகவரி சரி என்று காட்ட ஆதார் நகலோ, பில்லோ, ஒப்பந்தமோ கடன் கொடுக்கும் நாளிலேயே வாங்கி வைத்திருப்பவர் பிழைத்தார்.

எங்கே வழக்கு போடுவது என்பது 2015 திருத்தத்தோடு தீர்ந்த கேள்வி. கணக்கில் போட்டு வசூலிக்கும் காசோலை என்றால், பணம் வாங்க வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கே. செக் எந்த ஊரில் கைமாறியது, எதிரி எந்த ஊர்க்காரர், எந்த ஊர்க் கிளையில் டெபாசிட் செய்தீர்கள் என்பவை கணக்கில் வராது. பெரிய நிதி நிறுவனங்கள் எங்கோ வடக்கே கணக்கு வைத்துக்கொண்டு அங்கே வழக்குப் போடுவதால் நம் ஊர்க்காரர்கள் அலைகிறார்கள் என்ற குறை நியாயமானது. ஆனால் கோவை நிறுவனமான ஸ்ரீ செந்தூர் ஆக்ரோ, சண்டிகரில் போடப்பட்ட வழக்கைக் கோவைக்கு மாற்றக் கேட்டபோது, வசதிக்குறைவு மட்டும் போதாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த இடத்தில் சட்டம் சிறு வியாபாரிக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

இனி உங்கள் கட்டுரை பேசிய செப்டம்பர் 25 தீர்ப்பு. கோவாவில் 6 லட்சம் ரூபாய் காசோலைக்கு நடுவர் நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் தண்டித்ததை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது; உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. நண்பர் வங்கிக் கடன் வாங்குவதற்குக் காட்டட்டும் என்று வெற்று செக்கில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன் என்ற எதிர்வாதத்தை நீதிபதிகள் மன்மோகன், அஞ்சாரியா அமர்வு நம்பவில்லை. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்காகவே செக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் 139-ஆம் பிரிவின்படி எழும். அதைத் தகர்க்கும் பொறுப்பு எதிரியுடையது. இது புதிதல்ல, 2010-இலேயே மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. கீழமை நீதிமன்றங்கள் இதை மறந்து சாதாரணக் கடன் வழக்கைப் போல நடத்துகின்றன என்பதே உச்ச நீதிமன்றத்தின் குறை.

ரொக்கமாகக் கொடுத்த கடன் பற்றிய பகுதியைத்தான் கட்டுரை வாசகர்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவை மீறி 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறிய கடன், சட்டப்படி வசூலிக்கத்தக்கது அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது சரியல்ல, அந்த மீறலுக்கு வரித்துறை அபராதம் உண்டே தவிரக் கடன் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதனால் ரொக்கக் கைமாற்றுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அபராதம் அப்படியே இருக்கிறது. அதோடு, அவ்வளவு ரொக்கம் கொடுக்கும் வசதி உங்களுக்கு இருந்ததா என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. 2019-இல் கர்நாடக வழக்கொன்றில் எதிரி இந்தக் கேள்வியை எழுப்பி, புகார்தாரரால் பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் விடுதலை கிடைத்தது. வங்கியில் எடுத்த நாள், நகை அடகு வைத்த ரசீது, நெல்லோ மஞ்சளோ விற்ற பட்டியல், ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் ‘வீட்டில் வைத்திருந்தேன்’ என்ற பதில் வழக்கைக் கரைத்துவிடும்.

அதே தீர்ப்பு தந்த நடைமுறை விதிகள் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வர வேண்டியவை. புகாரின் முகப்பில் நிர்ணயித்த வடிவத்தில் ஒரு சுருக்கக் குறிப்பு இருக்க வேண்டும்: தரப்பினர், காசோலை விவரம், திரும்பிய நாளும் காரணமும், நோட்டீஸ் விவரம், வழக்குக்கான காரணம் பிறந்த நாள், நீதிமன்ற எல்லை, இடைக்கால இழப்பீடு கேட்கப்படுகிறதா என்பது வரை. சம்மன் வழக்கமான வழியோடு புகார்தாரர் கையிலும் கொடுத்தனுப்பப்படும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் வழியாகவும் போகும். அந்த எண்ணும் முகவரியும் எதிரியுடையவைதான் என்று புகார்தாரர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். பொய்யாகத் தந்தால் நடவடிக்கை வரும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றமும் கியூஆர் குறியீடு அல்லது யுபிஐ வழியாகப் பணம் கட்டும் வசதி செய்து, அதைச் சம்மனிலேயே தெரிவிக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 223-ஆம் பிரிவைக் காட்டி, வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிரியை அழைத்துக் கேட்கும் வழக்கம் காசோலைப் புகார்களுக்குத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் சில வாய்தாக்கள் மிச்சம்.

சமரசச் செலவு குறைந்ததைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. கடன்பட்டவருக்கு இதுதான் மிக முக்கியமான செய்தி. தன் தரப்புச் சாட்சியம் தொடங்கும் முன் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டால் கூடுதல் செலவு எதுவும் இல்லாமல் சமரசம் பதிவாகும். சாட்சியத்துக்குப் பின், தீர்ப்புக்கு முன் என்றால் காசோலைத் தொகையில் 5 சதவீதம். அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ 7.5, உச்ச நீதிமன்றத்தில் 10. 4 லட்சம் ரூபாய் செக் என்றால் முறையே 20,000, 30,000, 40,000 கூடுகிறது. 2010 விதிப்படி உச்ச நீதிமன்றத்தில் இதுவே 20 சதவீதமாக இருந்தது. கட்டப் போகிறவர் முதல் வாய்தாவிலேயே கட்டுவது எவ்வளவு லாபம் என்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

கட்ட முடியாதவர், அல்லது கட்ட வேண்டியதே இல்லை என்பவர் செய்யும் பெரிய தவறு நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருப்பது. பதில் இல்லாததை வைத்து, புகாரில் உண்மை இருக்கிறது என்று அனுமானிக்கலாம் என்கிறது செப்டம்பர் தீர்ப்பு. பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. செக் எப்போது, எதற்காகக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு திருப்பிக் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதிகளில் எந்த வழியில், செக்கைத் திருப்பிக் கேட்டது எப்போது, கடன் கொடுத்ததாகச் சொல்பவருக்கு அந்த வசதி இருந்ததா என்ற ஆட்சேபம், இவை போதும். 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வசதி இல்லை என்ற ஆட்சேபத்தைப் பதில் நோட்டீஸிலேயே எழுப்பினால் அதை நிரூபிக்கும் சுமை ஆரம்பத்திலேயே புகார்தாரர் பக்கம் போகும்.

தினவட்டி, மீட்டர் வட்டிக்காரர்களிடம் வெற்று செக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். செக் வெற்றாகத்தான் கொடுக்கப்பட்டது என்ற வாதம் மட்டும் காப்பாற்றாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அனுமானம் எழும் என்று 2019 தீர்ப்பு இருக்கிறது. வங்கியில் ‘பணம் கொடுக்காதே’ என்று நிறுத்தி வைப்பதும் காப்பாற்றாது. காப்பாற்றுவது திருப்பிக் கொடுத்ததற்கான தடயம். தவணையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பி, குறிப்புப் பகுதியில் ‘கடன் தவணை, செக் எண் இன்னது’ என்று எழுதுங்கள். அப்படி ஒரு லட்சம் திரும்பிய பின் அவர் முழுத் தொகையை எழுதி வங்கியில் போட்டால், மேலே சொன்ன 2022 அக்டோபர் தீர்ப்பு உங்கள் பக்கம் நிற்கும். பொருள் வாங்குவதற்கு முன்பணமாகக் கொடுத்த செக், பொருளே வராமல் ஆர்டர் ரத்தானால், 138-க்குள் வராது என்று 2014 தீர்ப்பு சொல்கிறது. ரத்து செய்த கடிதம் கையில் இருக்க வேண்டும்.

இடைக்கால இழப்பீடாக 20 சதவீதம் வரை கட்டச் சொல்லும் 143ஏ பிரிவு கட்டாயமல்ல, வழக்கின் முகத்தோற்றத்தைப் பார்த்தே உத்தரவிட வேண்டும் என்று 2024 மார்ச் 15 தீர்ப்பு இருக்கிறது. மனு வந்தாலே 20 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். எதிர்மனு தாக்கல் செய்யுங்கள்.

புகார்தாரர் பக்கத்தில் ஒரு முக்கியமான மாற்றத்தையும் உங்கள் பத்திரிகை விரிவாக எழுத வேண்டும். எதிரி விடுதலையானால் முன்பு உயர் நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி பெற்றே மேல்முறையீடு செய்ய முடியும். ஈரோட்டுக்காரர் சென்னைக்கும், தேனிக்காரர் மதுரைக்கும் போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன செலஸ்டியம் ஃபைனான்சியல் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், காசோலை வழக்கின் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரே, ஆகவே அனுமதி கேட்காமல் நேரடியாக மேல்முறையீடு செய்யலாம் என்றது. நடுவர் விடுதலை செய்தால் அந்த மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கே போகலாம்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். காசோலைத் தீர்ப்பு பற்றி அடுத்து எழுதும்போது, அது வழக்கின் எந்தக் கட்டத்துக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து என்ற இரண்டையும் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். காவேரி பிளாஸ்டிக்ஸ் தீர்ப்பைத் தனிச் செய்தியாக வெளியிடுங்கள். நம் மாவட்ட நீதிமன்றங்களில் எவை கியூஆர் வழிக் கட்டணத்தைத் தொடங்கியிருக்கின்றன, எவற்றின் சம்மனில் அது அச்சாகிறது என்று உங்கள் செய்தியாளர்கள் விசாரித்து ஊர் வாரியாகப் பட்டியல் போட்டால், முதல் வாய்தாவிலேயே கட்டி முடிக்க நினைப்பவர்களுக்கு அது நேரடியாக உதவும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
ஈரோடு.